மூச்சு விட இடமில்லாத ஆல்பம்

இரைச்சல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால் வேலை மிச்சம். நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். பிள்ளைகள் கேட்கிற எலெக்ட்ரானிக் இசை எது காதில் விழுந்தாலும், "என்னடா இது, மிக்ஸி ஓடுற மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். எனக்கு அந்த வசதி இல்லாமல் போயிற்று. என் இளைய மகன் க்ராய்டனில் வேலை பார்த்த சமயம், 2012இல், நானும் வீட்டுக்காரியும் போய் இரண்டு மாதம் அவனோடு தங்கினோம். க்ராய்டன் தெற்கு லண்டனில் இருக்கிறது. ஒலிம்பிக்ஸுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது, ஆனால் மழை விட்டபாடில்லை. வெளியே போக முடியாத நாட்களில் மகனுடைய அலமாரியில் இருந்த குறுந்தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன்.

அதில் ஒன்றுதான் நீரோ என்ற இரட்டையரின் முதல் ஆல்பம், 'வெல்கம் ரியாலிட்டி'. 2011 ஆகஸ்டில் வந்தது. டப்ஸ்டெப் வகை. அது ஒரு ஏமாற்றமான ஆல்பம் என்று அன்றைக்கே சொன்னேன். போன மாதம் மறுபடி மூன்று தடவை முழுசாகக் கேட்டுவிட்டும் அதையேதான் சொல்கிறேன். மகன் ஒப்புக்கொள்வதில்லை. வருஷங்கள் போய்விட்டன, தொலைபேசியில் இந்தச் சண்டை மட்டும் ஓயவில்லை. கடைசியில் அவன் கையில் எடுக்கிற ஆயுதம் ஒன்றுதான்: "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா."

வயதாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அது பதில் ஆகாது. வயதானால் காதில் முதலில் மங்குவது உச்சத்தில் இருக்கிற மெல்லிய ஒலிகள். கைக்கடிகார அலாரம் கேட்காது, சில்வண்டு கேட்காது, பேத்தி கிசுகிசுப்பது கேட்காது. அடியில் இருக்கிற கனத்த ஒலி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. மனிதக் காதின் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். டப்ஸ்டெப்பின் உயிர் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இது கிழவர்களுக்கென்றே செய்த இசை. வீட்டுக்காரியிடம் இதை விளக்கினேன். "அப்ப நான் கூப்பிடறது மட்டும் ஏன் கேக்கல?" என்றாள். அது வேறு விஷயம்.

எலெக்ட்ரானிக் இசை என்றாலே எனக்கு ஆகாது என்றும் யாரும் சொல்ல முடியாது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1948இல் பியேர் ஷேஃபர் என்பவர் பாரிஸ் வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு ரயில் எஞ்சின் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றையே மாற்றி அடுக்கி ஓர் இசையாக ஒலிபரப்பினார். 'ம்யுசிக் கோன்க்ரேத்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்றைக்குக் கணினியில் பையன்கள் செய்கிற வெட்டி ஒட்டும் வேலைக்கு அவர்தான் ஒரு வகையில் பாட்டனார். பிறகு 1976இல் ழான்-மிஷேல் ழார் தன் வீட்டிலேயே கருவிகளை வைத்துக்கொண்டு 'ஒக்ஸிழேன்' ஆல்பத்தைச் செய்தார். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, ஆறு பகுதிகள், அலை அலையாக வரும். நான் அரசு வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சொல்தாவின் மகன் கேசட்டைக் கொண்டுவந்தான். அதிலிருந்து நகல் எடுத்து, நாடா தேய்ந்து வெறும் காற்றுச் சத்தம் வருகிறவரை ஓட்டினோம். என் வயதுப் புதுச்சேரிக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

டப்ஸ்டெப் பிறந்தது மகன் குடியிருந்த அதே க்ராய்டனில்தான். சர்ரே ஸ்ட்ரீட் என்று ஒரு சந்தைத் தெரு இருக்கிறது. காய்கறி, பழம், விலை கூவுகிற குரல் என்று நம் பெரிய மார்க்கெட் மாதிரியே இருந்தது, ஈ மட்டும் இல்லை. அந்தத் தெருவில் முன்பு பிக் ஆப்பிள் என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்ததாம். நாங்கள் போனபோது அது மூடி எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் பக்தியோடு கட்டடத்தைக் காட்டினான். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே வந்து நின்ற பையன்கள்தான் இந்த இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள். ஹாட்சா என்பவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று தட்டு விற்றவர். ஸ்க்ரீம், பெங்கா இருவரும் மீசை முளைக்காத பையன்கள். வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை ஹாட்சா இரவு விடுதிகளில் போட்டுக் காட்டுவார். பெரிய கம்பெனி, பெரிய பணம் எதுவும் அப்போது கிடையாது.

பெயரில் இருக்கிற 'டப்' ஜமைக்காவிலிருந்து வந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வழக்கே அதில்தான் இருக்கிறது. 1970களில் கிங்ஸ்டன் நகரில் கிங் டபி என்று ஒருவர் இருந்தார். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்வது அவர் தொழில். பதிவாகி முடிந்த ஒரு ரெகே பாட்டை எடுத்துக்கொள்வார். பாடகருடைய குரலை அணைப்பார். கித்தாரை அணைப்பார். மிஞ்சுவது டிரம்மும் பேஸும். நடுவில் பாட்டிலிருந்து ஒரே ஒரு சொல்லைத் திறந்துவிட்டு, அதன் எதிரொலி தேய்ந்து தேய்ந்து மறைகிறவரை காத்திருப்பார். இருக்கிற பாட்டில் எதை எடுத்துவிடலாம் என்பதுதான் அவருடைய கலை. இசையில் கழித்தல் கணக்குப் போட்டவர் அவர். ஜமைக்காவிலிருந்து கப்பலேறி வந்து தெற்கு லண்டனில் குடியேறியவர்கள் அந்த ருசியையும், ஆள் உயர ஸ்பீக்கர்களையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். அவர்களுடைய அடுத்தடுத்த தலைமுறையும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தது அது.

டப்ஸ்டெப் நிமிஷத்துக்கு 140 அடி வேகத்தில் ஓடுகிறது. கேட்கிறவனுக்கு அது 70 போலத் தோன்றும். காரணம், ஸ்நேர் டிரம் ஒவ்வொரு நான்கு அடியிலும் மூன்றாவதில் மட்டும் விழுகிறது. மேல்காலத்தில் ஒன்று ஓட, கீழ்க்காலத்தில் ஒன்று நடக்க, நடுவில் நிறைய வெற்றிடம் கிடைக்கிறது. அந்த வெற்றிடத்துக்குள்தான் பேஸ் மெதுவாக வந்து உட்காரும். நல்ல டப்ஸ்டெப்பில் அடுத்த அடி எப்போது வரும் என்று காத்திருப்பதே சுகம். டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் என்று ஓர் இரட்டையர் இருந்தார்கள், மாலா, கோக்கி என்று பெயர். 2005இலிருந்து பிரிக்ஸ்டனில் நண்பர்களோடு சேர்ந்து இரவுக் கூட்டங்கள் நடத்தினார்கள். இருட்டில் நின்று, கண்ணை மூடி, பேஸின் கனத்தை உடம்பில் வாங்குவதுதான் அங்கே நிகழ்ச்சி. நான் அங்கே போனதில்லை, போனாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் பதிவுகளை நல்ல ஹெட்போனில் கேட்டால் என்ன நடந்திருக்கும் என்று புரிகிறது.

மகனுடைய அலமாரியில் இன்னொரு தகடும் இருந்தது. பெரியல் என்ற பெயரில் ஒருவர் 2007இல் வெளியிட்ட 'அன்ட்ரூ'. மறு வருஷம் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம் பிடித்தது. பழைய இசைத்தட்டில் ஊசி உராய்கிற சத்தம், மழை, எங்கோ தொலைவில் பாதி மட்டும் கேட்கிற குரல், இவைதான் அதில் முக்கால்வாசி. நடுநிசியில் காலிப் பேருந்தில் வீடு திரும்புகிறவனுடைய இசை. ஆங்கிலப் பாட்டின் சொற்கள் எனக்குச் சரியாகப் பிடிபடாது, இதில் பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை. முதல் தடவை கேட்டபோது, பணி ஓய்வு பெற்ற அன்று மாலை மாலையையும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு நான் தனியாக நடந்து வந்தது ஞாபகம் வந்தது. இதையெல்லாம் கேட்ட காதோடுதான் நீரோவிடம் போனேன்.

ரோமாபுரி எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதை சொல்வார்களே, அந்த நீரோ அல்ல, இவர்கள் டேனியல் ஸ்டீபன்ஸ், ஜோ ரே என்ற இரண்டு லண்டன் இளைஞர்கள். அலானா வாட்சன் என்ற பெண் பாடுகிறார். ஆல்பம் வருவதற்கு முன்பே இவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது, நியாயமான பெயர்தான். தி ஸ்ட்ரீட்ஸ் குழுவின் 'பிளைண்டட் பை தி லைட்ஸ்' என்ற பாட்டுக்கு இவர்கள் செய்த ரீமிக்ஸை மகன் அப்போது ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பான். 2010இல் வந்த 'இன்னொசன்ஸ்' என்ற தனிப் பாட்டைக் கேட்டுவிட்டு நானே "இன்னொரு தரம் போடு" என்றிருக்கிறேன். அந்தப் பெண்ணின் குரல் மேலே மிதக்க, அடியில் பூமி நகர்கிற மாதிரி ஒரு பேஸ். இப்படிச் செய்கிறவர்கள் முழு ஆல்பம் செய்தால் எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எழுவது இயல்பு. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றம் ஏது.

ஆல்பத்தின் முதல் இசைக்கு '2808' என்று பெயர். கி.பி. 2808ஆம் ஆண்டில் நடக்கிற கதை என்று விளம்பரம். ஆரம்பமும் அதற்கேற்ற கம்பீரத்தோடுதான் இருக்கிறது. 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாங்கெலிஸ் போட்ட இசை நினைவுக்கு வரும். சரி, எங்கோ கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு வருவதெல்லாம் காதல் ஏக்கப் பாட்டுகளும் நடனத்துக்கான பாட்டுகளும். 'க்ரஷ் ஆன் யூ' 1980களில் தி ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் குழு பாடிய பாட்டிலிருந்து எடுத்துக் கட்டியது. அதில் தப்பில்லை, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் எட்டு நூற்றாண்டு தாண்டிப் போன கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2808ஐ எடுத்துவிட்டு 1985 என்று போட்டாலும் ஆல்பத்தில் ஒன்றும் குறையாது.

இதைவிடப் பெரிய குறை, அவர்கள் எதையும் கழிக்க மறுப்பது. ஒவ்வொரு பாட்டும் ஒரே ஏணியில் ஏறுகிறது. மென்மையான தொடக்கம், பெண் குரல், டிரம் வேகமெடுத்து உருண்டு வரும், ஒரு நொடி மௌனம், பிறகு தலையில் இடி. 'டிராப்' என்பார்கள் அதை. முதல் தடவை சிலிர்க்கிறது. இரண்டாவது தடவை ரசிக்கலாம். ஐந்தாவது பாட்டில், இதோ இடி விழப்போகிறது என்று எனக்கே தெரிகிறது, மகன் விரலால் மேஜையில் கணக்குப் போடுகிறான். ஜூலை 14ஐ ஒட்டி நம் கடற்கரையில் வாணவேடிக்கை விடுவார்களே, ஒன்று வெடித்து, பூவாகி, உதிர்ந்து, வானம் மறுபடி இருட்டாகும். அந்த இருட்டு இருப்பதால்தான் அடுத்ததற்குக் கூட்டம் "ஓ" என்கிறது. இங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லா வாணமும் ஒன்றாகக் கொளுத்தப்படுகிறது. வானம் பூராவும் வெள்ளையாக இருந்தால் எதைப் பார்ப்பது? மூன்றாவது அடிக்கு முன்னால் காத்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் சின்தசைசர், அதற்கு மேல் இன்னொரு சின்தசைசர், அதற்கு மேல் குரலின் துண்டுகள். கிங் டபி அணைத்து வைத்த அத்தனை சுவிட்சுகளையும் யாரோ ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. மெதுவான பகுதிகூடக் காதருகில் வந்து நின்று கத்துகிறது, ஒலியை அப்படி அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள். மூன்று தடவை கேட்டபோதும் பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகம் இல்லை.

அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. புதுக் கோப்பு என்று ஒன்று மேஜைக்கு வரும். புது அட்டை, புது நாடா, வெளியே அழகான தலைப்பு. திறந்தால் உள்ளே வெவ்வேறு வருஷத்துப் பழைய தாள்களைத் துளை போட்டுக் கோத்திருப்பார்கள். பக்க எண்கூட ஒன்றுக்கொன்று ஒட்டாது. 'இன்னொசன்ஸ்' ஏற்கெனவே வந்தது. 'மீ அண்ட் யூ' ஏற்கெனவே வந்தது. 'கில்ட்' ஏற்கெனவே வந்தது. தனித்தனியாக ஒவ்வொன்றும் கூட்டத்தை எழுப்புவதற்காகச் செய்தவை. எழுப்புவதற்கென்றே செய்த பாட்டுகளை வரிசையாக அடுக்கினால், ஏற்கெனவே எழுந்து நிற்கிறவனை அடுத்த பாட்டு என்ன செய்யும்?

மகனுடைய பதில் வலுவானது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் இது முதலிடம் பிடித்தது. அதே மாதம் 'ப்ராமிசஸ்' என்ற பாட்டு தனிப் பாட்டுகளின் பட்டியலிலும் முதலிடம். பிறகு அதே பாட்டை ஸ்க்ரிலெக்ஸும் இவர்களும் சேர்ந்து செய்த ரீமிக்ஸுக்கு 2013இல் கிராமி விருது கிடைத்தது. "இருட்டு ரூம்ல நூறு பேருக்குச் செய்யறது வேற, திறந்த மைதானத்துல ஐம்பதாயிரம் பேருக்குச் செய்யறது வேறப்பா. உங்க டப் கணக்கை இதுக்குப் போடாதீங்க" என்பான். ஒரு பாட்டு என்றால் அவன் சொல்வது சரி. 'ப்ராமிசஸ்' மைதானத்தில் நிச்சயம் எடுபடும், தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் போட்டால்கூட எடுபடும். கிராமி விருது ஒரே ஒரு பாட்டின் ரீமிக்ஸுக்குக் கிடைத்தது என்பதை மட்டும் அவன் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறான். நான் பேசுவது ஆல்பத்தைப் பற்றி.

மைதானத்துக்குச் செய்கிறவர்களால் ஆல்பம் செய்ய முடியாது என்பதும் இல்லை. டாஃப்ட் பங்க் என்ற பாரிஸ் இரட்டையர் 2001இல் 'டிஸ்கவரி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதுவும் எலெக்ட்ரானிக், அதுவும் ஆடுவதற்கு, அதிலும் பழைய பாட்டுகளின் துண்டுகள் ஏராளம், அதுவும் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. ஆனால் நடுவில் 'நைட்விஷன்' என்று ஒரு சிறிய துண்டு வரும். ஒன்றுமே நடக்காது, மூச்சு மட்டும் சீராகும். பின்னால் 'சம்திங் அபவுட் அஸ்' என்று ஒரு மெதுவான பாட்டு, அதற்குப் பிறகு சொல்லே இல்லாத 'வெரிடிஸ் குவோ'. அந்த இடங்களில் உட்கார்ந்து இளைப்பாறியவன்தான் மறுபடி எழுந்து ஆடுவான். பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று மகன் சொல்வான். காட்டுகிறேன்தான், கொஞ்சம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறாது.

நீரோவுக்கும் அந்தத் திறமை இல்லாமல் இல்லை. அதே 2011இல் பி.பி.சி. ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு சேர்ந்து இந்த 2808 கற்பனையை ஒரு சிம்பொனியாகச் செய்தார்கள். வயலின்காரர் வில்லை மாற்ற வேண்டும், குழல்காரர் மூச்சு வாங்க வேண்டும். மனிதர்கள் வாசிக்கும்போது இடைவெளி தானாகவே வந்துவிடுகிறது. அதைக் கேட்டபோது, ஆல்பமும் இப்படி வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

என் ஆதங்கம் அந்த இரண்டு இளைஞர்கள் மேல் அல்ல. முதல் ஆல்பம், கையில் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஓரிரு வருஷங்களில்தான் அமெரிக்காவில் ஸ்க்ரிலெக்ஸ், இங்கிலாந்தில் இவர்கள் என்று இந்த வகை உலகம் பூராவும் பரவியது. சர்ரே ஸ்ட்ரீட் பையன்கள் வெற்றிடத்தை வைத்துக் கட்டிய ஒன்றின் பெயர், வெற்றிடமே இல்லாத ஒன்றுக்குப் போய்விட்டது. இன்றைக்கு டப்ஸ்டெப் என்றால் பத்தில் ஒன்பது பேர் ரம்பம் அறுக்கிற சத்தத்தைத்தான் நினைக்கிறார்கள். மிக்ஸி என்று நாம் சொல்வதும் அதைக் கேட்டுத்தான். மாலாவின் பதிவைக் கேட்டுவிட்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

போன வாரமும் பேசினோம். "சரி, அஞ்சு பாட்டு எடுத்துட்டா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டான். எந்த ஐந்து என்று இழுபறி நடக்கிறது. 'டூம்ஸ்டே' போக வேண்டும் என்பது என் கட்சி. அது போனால் ஆல்பமே போச்சு என்பது அவன் கட்சி.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் 'இன்னொசன்ஸ்' மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் கழித்து பெரியலின் ஆல்பத்தை, விளக்கை அணைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள். எதைக் கேட்டாலும் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது, கொசு ரீங்காரம்தான் வரும். பேரப்பிள்ளைகளிடம் நல்ல ஹெட்போன் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சத்தத்தை மட்டும் அவர்கள் வைத்திருக்கிற அளவில் வைக்க வேண்டாம்.